ஏ.பி. அமெரிக்க வரலாறு: என் வகுப்பின் விதிகளும், அந்தப் பாடத்தைப் படிக்கும் முறையும்

மேரிலாந்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) அமெரிக்க வரலாறு சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் செல்லமாக 'ஏபுஷ்' என்பார்கள். குளிர்காலத்தில் அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வந்ததும், தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கும். "மிஸ், இது ரொம்பக் கஷ்டமா? கணக்கும் சயின்ஸும் ஏற்கெனவே ஏ.பி.தான், இதையும் சேர்த்தால் தாங்குவானா?" "நாங்கள் இந்த நாட்டு வரலாறு படிக்கவில்லையே, வீட்டில் எப்படி உதவுவது?" எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். விதிகள் என் வகுப்பினுடையவை. உங்கள் பள்ளியில் சதவீதங்களும் தேதிகளும் மாறலாம். தேர்வின் அமைப்பு எல்லா ஊரிலும் ஒன்றே.

நான் பாளையங்கோட்டையில் பள்ளி படித்தவள். "அக்பர் ஆட்சியின் சிறப்புகளைப் பத்து வரிகளில் எழுதுக" என்ற கேள்விக்கு, புத்தகத்தில் இருந்த பத்து வரியை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கிய தலைமுறை என்னுடையது. உங்களில் பலரும் அப்படித்தான் வந்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தோடு இந்தப் பாடத்துக்குள் வரும் பிள்ளை முதல் இரண்டு மாதம் திணறும். இங்கே கேட்கப்படுவது நினைவாற்றல் மட்டும் இல்லை. ஓர் ஆவணத்தைக் கையில் கொடுத்து, "இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், ஏன் அப்போது எழுதினார், இதை வைத்து நீ என்ன வாதம் செய்வாய்?" என்று கேட்பார்கள். என் வகுப்பின் விதிகள் எல்லாமே அந்த ஒரு வேலையைப் பிள்ளை தானே செய்யவேண்டும் என்பதற்காக வைத்தவை.

பாடம் எவ்வளவு பெரியது

1491-லிருந்து இன்றுவரை ஒன்பது காலப்பகுதிகள். முதலாவது 1491–1607, அதாவது கொலம்பஸ் வருவதற்கு முந்தைய ஆண்டிலிருந்து ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் வரை. கடைசிப் பகுதி 1980-க்குப் பிறகு. இந்த இரண்டுக்கும் தேர்வில் தலா 4 முதல் 6 சதவீதம்தான் இடம். 1607–1754 காலத்துக்கு 6 முதல் 8. மீதமுள்ள ஆறு பகுதிகள், அதாவது 1754-லிருந்து 1980 வரை, ஒவ்வொன்றும் 10 முதல் 17 சதவீதம் பெறும். அதனால் செப்டம்பர் நடுவுக்குள் நான் முதல் இரண்டு பகுதிகளையும் முடித்துவிடுவேன். "என்ன மிஸ், இவ்வளவு வேகமாகப் போகிறீர்கள்?" என்று பயப்பட வேண்டாம். அரசியலமைப்பு, அதிபர் ஜாக்சன் காலம், உள்நாட்டுப் போர், மறுசீரமைப்பு (போருக்குப் பின் தெற்கை மறுபடி கட்டிய காலம்), தொழிற்புரட்சி, புதிய ஒப்பந்தம் (1930-களின் பொருளாதார மந்தத்துக்கு அரசு எடுத்த 'நியூ டீல்' நடவடிக்கைகள்), கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம் என்று நிதானமாக நிற்க வேண்டிய இடங்கள் பின்னால் இருக்கின்றன.

யார் எடுக்கலாம்? என் பள்ளியில் நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. வாரத்துக்கு 25, 30 பக்கம் வாசிக்கப் பொறுமையும், எழுதியதைத் திருத்தி மறுபடி எழுத மனமும் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் பி வாங்கிய பிள்ளைகள் இங்கே மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள். நான் தயங்கச் சொல்வது ஒரே சூழலில்தான்: ஏற்கெனவே நான்கு ஏ.பி., அதோடு நீச்சல் அணி, சனிக்கிழமை பரதம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று பிள்ளைக்கு மூச்சுவிட நேரமில்லாதபோது. ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) கூடுமே என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். தூங்காமல் வரும் பிள்ளை ஆவணம் வாசிக்க முடியாது. சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்றால், முதல் காலாண்டு முடிவதற்குள் ஏ.பி.க்கு ஒரு படி கீழே உள்ள ஆனர்ஸ் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு மாறினால் மதிப்பெண் பட்டியலில் குறிப்பு விழும். ஆகவே அக்டோபர் மாதமே என்னோடும் கவுன்சிலரோடும் பேசிவிடுங்கள்.

வாசிப்பு

கோடையில் ஒரே ஒரு வேலை தருவேன்: பாடநூலின் முதல் இரண்டு அத்தியாயங்களை வாசித்து, கையால் குறிப்பு எழுதி வரவேண்டும். பள்ளி திறந்த முதல் வாரம் அதில் சின்னத் தேர்வு இருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலேயே முடித்துவிடலாம்.

குறிப்பு ஏன் கையால்? தட்டச்சு செய்யும் பிள்ளை வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறது. கையால் எழுதும்போது கை வலிக்கும். அதனால் எதை விடலாம், எதை வைக்கவேண்டும் என்று மூளை தேர்ந்தெடுக்கும். எனக்கு வேண்டியது அந்தத் தேர்ந்தெடுப்புதான்.

வாசிக்கும் முறை இது. முதலில் அத்தியாயத்தின் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியாக மாற்றி எழுதவேண்டும். "சந்தைப் புரட்சி" என்று தலைப்பு இருந்தால், "1815-க்குப் பிறகு விவசாயி தன் குடும்பத்துக்காக விளைவிப்பதை விட்டு விற்பனைக்காக விளைவிக்கத் தொடங்கியது ஏன்?" என்று கேள்வி. பிறகு அந்தப் பகுதியை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, பதிலை இரண்டே வாக்கியத்தில் எழுதவேண்டும். மூடாமல் எழுதினால் அது நகல் எடுப்பதுதான். கடைசியாக, பதிலுக்கு அடியில் இரண்டு குறிப்பான சான்று: 1825-இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய், லோவல் நெசவாலைகளில் வேலைக்கு வந்த பண்ணைப் பெண்கள். பெயர், இடம், ஆண்டு உள்ள சான்றாக இருக்கவேண்டும். "போக்குவரத்து வளர்ந்தது" என்பது சான்று ஆகாது.

தினமும் முப்பது நாற்பது நிமிடம் போதும். ஞாயிறு இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து முப்பது பக்கம் தின்றால் திங்கட்கிழமை எதுவும் தங்காது. வாசிப்புத் தேர்வு எந்த நாளும் வரலாம், ஐந்து கேள்வி, குறிப்பேட்டைப் பார்த்து எழுதலாம். குறிப்பு எழுதியவருக்கு அது இலவச மதிப்பெண்.

எழுத்து: இங்கேதான் பாடம் இருக்கிறது

தேர்வு 3 மணி 15 நிமிடம். 55 கொள்குறி வினாக்கள், 55 நிமிடம், 40 சதவீதம். மூன்று சிறு விடைகள், 40 நிமிடம், 20 சதவீதம். ஆவணக் கட்டுரை, நாங்கள் டி.பி.க்யூ. என்போம், 60 நிமிடம், 25 சதவீதம். நெடுங்கட்டுரை 40 நிமிடம், 15 சதவீதம். கூட்டிப் பாருங்கள்: பாதிக்கு மேல் எழுத்து. கொள்குறி வினாக்கள்கூட ஒரு பத்தியையோ படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து அதன்மேல் கேட்பவை. தவறான விடைக்குக் கழித்தல் கிடையாது. எதையும் காலியாக விடக்கூடாது.

டி.பி.க்யூ.வில் ஏழு ஆவணங்கள் தருவார்கள். முதல் பதினைந்து நிமிடம் வாசிக்க, மீதி எழுத. மதிப்பெண் 7. அந்த ஏழும் எதற்கு என்று பிள்ளைக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியவேண்டும்: வாதத்துக்கு 1, பின்னணிக்கு 1, சான்றுக்கு 3, ஆய்வுக்கு 2.

நான் ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்தும் ஒரு கேள்வியை வைத்துக் காட்டுகிறேன். "அடிமை முறை ஒழிந்ததற்கு உள்நாட்டுப் போர் எந்த அளவுக்குக் காரணம்?" (1861–65-இல், ஒன்றியம் என்ற அமெரிக்க நாட்டிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த போர் அது.) இதை நான் விரும்பி எடுப்பதற்கு மேரிலாந்தே காரணம். அடிமைகளாகப் பிறந்து, தப்பி, அடிமை ஒழிப்புக்குப் போராடிய இருவரில் ஃபிரெடரிக் டக்ளஸ் பிறந்த டால்பட் கவுண்டியும், ஹாரியட் டப்மன் பிறந்த டார்செஸ்டர் கவுண்டியும் எங்கள் மாநிலத்தில்தான் இருக்கின்றன. இது அடிமை முறை இருந்த மாநிலம், ஆனால் வடக்கோடு நின்ற மாநிலம். அதனால் இங்கே வளரும் பிள்ளை "வடக்கு நல்லது, தெற்கு கெட்டது" என்ற இரண்டு வரியில் தப்பிக்க முடியாது.

வாதம். "போர் அடிமை முறை ஒழிய முக்கியக் காரணம், ஆனால் வேறு காரணங்களும் இருந்தன" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. இது கேள்வியையே திருப்பிச் சொல்வது. இப்படி எழுதவேண்டும்: "அரை நூற்றாண்டுப் பரப்புரையாலும் நாடாளுமன்றச் சமரசங்களாலும் முடியாததைப் போர் சாத்தியமாக்கியது, ஆனால் தப்பி வந்த அடிமைகளும் கறுப்பினப் படைவீரர்களும் தங்கள் செயலால் அரசை நெருக்கியதால்தான், ஒன்றியத்தைக் காக்கத் தொடங்கிய போர் விடுதலைப் போராக மாறியது." யார் எதிர்த்துப் பேசலாம் என்று இதில் தெரிகிறது. கட்டுரை எந்த வழியில் போகும் என்றும் தெரிகிறது.

பின்னணி. கேள்விக் காலத்துக்கு முன் என்ன நடந்தது என்று நான்கைந்து வாக்கியம். 1820 மிசௌரி சமரசம், 1854 கேன்சஸ்–நெப்ராஸ்கா சட்டம், 1857 டிரெட் ஸ்காட் தீர்ப்பு: மூன்றும் அடிமை முறை எங்கே பரவலாம் என்ற சண்டையில் வந்தவை. பெயர்களை அடுக்குவது போதாது. ஒன்று எப்படி அடுத்ததற்கு வழிவிட்டது என்று கட்டவேண்டும்.

சான்று. மூன்று ஆவணங்களின் உள்ளடக்கத்தைச் சரியாகச் சொன்னால் 1. நான்கு ஆவணங்களை வாதத்துக்குத் துணையாக நிறுத்தினால் 2. நான் வகுப்பில் குறைந்தது ஆறு ஆவணங்களைப் பயன்படுத்தச் சொல்வேன், ஒன்றிரண்டு தவறாகப் புரிந்திருந்தாலும் மற்றவை காப்பாற்றும். மூன்றாவது மதிப்பெண், ஆவணங்களில் இல்லாத ஒரு சான்றைத் தானாகக் கொண்டுவந்தால். இங்கே என் மாணவர்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது: அடிமைகளை விடுவித்து அதிபர் லிங்கன் வெளியிட்ட 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே, மேரிலாந்து அடிமைகளை அது தொடவில்லை. இங்கே அடிமை முறை முடிந்தது 1864 நவம்பர் 1, புதிய மாநில அரசியலமைப்பால். அந்த வாக்கெடுப்பில் ஆதரவு 30,174, எதிர்ப்பு 29,799. வித்தியாசம் 375 வாக்கு. அதுவும் போர்க்களத்திலிருந்த வீரர்களின் வாக்குகள் சேர்ந்த பிறகுதான். இதை எழுதும் பிள்ளையின் கட்டுரை தனித்து நிற்கும்.

ஆய்வு. இதுதான் எல்லோரும் இழக்கும் இடம். குறைந்தது இரண்டு ஆவணங்களுக்கு, எழுதியவரின் நோக்கமோ கேட்பவர் யார் என்பதோ அந்தச் சூழலோ வாதத்தை எப்படிப் பாதிக்கிறது என்று சொல்லவேண்டும். லிங்கன் 1862 ஆகஸ்ட் 22 அன்று நியூயார்க் ட்ரிபியூன் ஆசிரியர் ஹொரஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தை எடுங்கள். ஒன்றியத்தைக் காப்பதே தன் முதல் நோக்கம், எந்த அடிமையையும் விடுவிக்காமல் அது முடியுமானால் அப்படியே செய்வேன் என்கிறார். முதல் வாசிப்பில் பிள்ளைகள் "அப்போ லிங்கனுக்கு அக்கறையே இல்லை" என்பார்கள். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, பிரகடனத்தின் வரைவை அவர் அமைச்சரவைக்கு வாசித்துக் காட்டிவிட்டார். முடிவெடுத்துவிட்ட மனிதர் பத்திரிகை வழியாக நாட்டுக்கு எழுதுகிறார். மேரிலாந்து, கென்டக்கி போன்ற எல்லை மாநிலங்களும், விடுதலையை விரும்பாத வடக்கத்தி வாக்காளர்களும் அதை வாசிக்கப் போகிறார்கள். வரப்போகும் நடவடிக்கையை ஒன்றியத்தைக் காக்கும் நடவடிக்கையாக அவர்கள் ஏற்கவேண்டும் என்று அடித்தளம் போடுகிறார். இதை இரண்டு வாக்கியத்தில் எழுதத் தெரிந்தால் மதிப்பெண் உங்கள் பிள்ளையுடையது. இந்த மாதிரி வாசிக்கத் தெரிந்த பிள்ளை நாளைக்கு ஓர் அரசியல்வாதியின் பேச்சையும் இப்படித்தான் கேட்கும். நான் இந்த வேலையில் இருப்பதே அதற்காகத்தான்.

கடைசி மதிப்பெண், சிக்கலைப் புரிந்துகொண்டதற்கு. அது வாதத்தின் மறுபக்கத்தை நேர்மையாக எதிர்கொள்வதாலும் வரும், ஏழு ஆவணங்களையும் திறம்படப் பயன்படுத்துவதாலும் வரும். முதல் காலாண்டில் அதைத் துரத்த வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முதலில் ஐந்து உறுதியாகட்டும்.

நெடுங்கட்டுரைக்கு 6 மதிப்பெண், ஆவணம் கிடையாது, மூன்று காலப்பகுதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சான்று முழுவதும் தலையிலிருந்து வரவேண்டும் என்பதால், குறிப்பேடு ஒழுங்காக வைத்தவர்களுக்கு இது எளிது.

சிறு விடையில் ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ என்று மூன்று பகுதி. முன்னுரை எழுதி நேரம் கழிக்கக்கூடாது. நேரடியாகப் பதில், ஒரு சான்று, அந்தச் சான்று எப்படிப் பதிலாகிறது என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறேன்

கட்டுரைகளும் பெரிய தேர்வுகளும் 60 சதவீதம், வாசிப்புத் தேர்வுகள் 20, வகுப்புப் பங்கேற்பும் குறிப்பேடும் 20.

அக்டோபரில் முதல் டி.பி.க்யூ. திருத்தி அனுப்பியதும் எனக்கு வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் ஒரே கவலையைச் சொல்லும்: "7-க்கு 3 என்றால் 43 சதவீதமா? தோல்வியா?" இல்லை. முதல் காலாண்டில் 7-க்கு 3 என் பதிவேட்டில் பி-யாக ஏறும், 4 வாங்கினால் ஏ. இரண்டாம் காலாண்டில் ஏ-க்கு 5 வேண்டும், மார்ச்சுக்குப் பிறகு 6. பிள்ளை வளர வளர அளவுகோலும் உயரும். அதனால் பதிவேட்டின் எழுத்தை மட்டும் பார்க்காமல், கட்டுரையின் மேல் நான் எழுதிய எண் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு கட்டுரையைத் திருத்தி எழுதலாம். நிபந்தனை: மதிய உணவு நேரத்திலோ பள்ளி முடிந்தோ பத்து நிமிடம் என்னிடம் வந்து, எங்கே மதிப்பெண் போனது என்று பிள்ளையே எனக்கு விளக்கவேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குள் புதிதாக எழுதித் தரவேண்டும். பெற்றோர் மின்னஞ்சலில் இதைக் கேட்டால் நான் அன்போடு மறுத்துவிடுவேன். பதினாறு வயதுப் பிள்ளை தானே வந்து கேட்கப் பழகவேண்டும்.

தாமதம், விடுப்பு, ஊர்ப் பயணம்

வீட்டு வேலையை ஒரு நாள் தாமதமாகத் தந்தால் 10 சதவீதம் குறையும், ஐந்து நாளுக்குப் பிறகு வாங்கமாட்டேன். காலாண்டுக்கு ஒரு முறை, காரணம் கேட்காமல், இரண்டு நாள் கூடுதல் அவகாசம் உண்டு. பிள்ளை முந்தைய நாள் இரவுக்குள் ஒரு வரி எழுதினால் போதும். உடம்பு சரியில்லாதவர்கள், வீட்டில் துக்கம் நடந்தவர்கள் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு தருவேன்.

ஊர்ப் பயணம் பற்றி மனம் திறந்து சொல்லவேண்டும். டிசம்பரில் டிக்கெட் விலை எனக்கும் தெரியும். பாட்டி தாத்தாவைப் பார்ப்பது பள்ளியைவிடச் சின்ன விஷயம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் ஜனவரி இரண்டாம் வாரம் வரை தங்கி, பொங்கல் முடித்துத் திரும்பும் பிள்ளை, மறுசீரமைப்புக் காலத்தை முழுக்கத் தவறவிடுகிறது. அடிமை முறையை ஒழித்து, குடியுரிமையும் வாக்குரிமையும் தந்த 13, 14, 15-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள், விடுவிக்கப்பட்டவர்களின் பள்ளிகள், 1877-இல் தெற்கிலிருந்து படைகள் விலகியது எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். அதற்குப் பின் வரும் நூறு ஆண்டுக்கும் அதுதான் அடிவேர். ஆகவே நீண்ட பயணம் என்றால் இரண்டு வாரம் முன்பே எனக்கு எழுதுங்கள். ஆவணத் தொகுப்பைக் கையில் கொடுத்து அனுப்புவேன். திரும்பிய வாரத்தில் இரண்டு மதிய உணவு நேரம் என்னோடு உட்கார்ந்தால் ஈடுகட்டிவிடலாம். சொல்லாமல் போய்விட்டு வந்தபின் கேட்டால், பள்ளியின் விடுப்பு விதிப்படி மதிப்பெண் இழப்பைத் தடுக்க என்னால் முடியாது.

செயற்கை நுண்ணறிவு

மதிப்பெண்ணுக்கான கட்டுரைகள் எல்லாம் வகுப்பறையிலேயே எழுதப்படும். வீட்டில் எழுதும் வரைவுகள் கூகுள் டாக்ஸில், திருத்த வரலாறு தெரியும்படி இருக்கவேண்டும். சாட்ஜிபிடி போன்றவற்றை ஒரே இடத்தில் அனுமதிக்கிறேன்: எழுதி முடித்த வாதத்தைக் கொடுத்து, "இதை எதிர்ப்பவர் என்ன சொல்வார்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையும் பதிலையும் இணைத்துத் தரவேண்டும். கட்டுரையையோ குறிப்பையோ அது எழுதித் தந்தால் பூஜ்யம், வீட்டுக்கு அழைப்பு, பள்ளி நிர்வாகத்துக்கு அறிக்கை. இரண்டாம் முறை என்றால் கல்லூரிக்கான என் பரிந்துரைக் கடிதம் கிடைக்காது. அக்கா அண்ணனின் பழைய குறிப்பேட்டை நகல் எடுப்பதற்கும் இதே விதிதான்.

வகுப்பில் பேசும் விதம்

இந்த வரலாற்றில் கொடுமைகள் இருக்கின்றன. அடிமைச் சந்தைகள், 1830 சட்டத்துக்குப் பின் செரோக்கி மக்கள் விரட்டப்பட்டது, கும்பல் கொலைகள், 1942-இல் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தது. எதையும் மெழுகிப் பூசிச் சொல்லமாட்டேன். ஆவணங்களில் வரும் இழிசொற்களை யாரும் சத்தமாக வாசிக்கக்கூடாது, நான் உட்பட. ஒருவர் கருத்தை எதிர்க்கலாம், ஆளைத் தாக்கக்கூடாது. "உன் ஆட்கள்" என்ற பேச்சு என் வகுப்பில் இல்லை. எந்தப் பிள்ளையையும் அதன் நிறத்துக்கோ மதத்துக்கோ பிரதிநிதியாகப் பேசச் சொல்லமாட்டேன்.

அமைதியான பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவார்கள். பங்கேற்பு என்றால் கை தூக்குவது மட்டும் இல்லை. மூன்று பேர் குழுவில் ஆவணத்தைப் பற்றிப் பேசுவது, மறுநாள் ஒரு கேள்வி எழுதிக் கொண்டுவருவது எல்லாம் சேரும்.

இலையுதிர் காலத்தில் உள்நாட்டுப் போர் நடந்த ஆன்டீட்டம் போர்க்களத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போவேன். 1862 செப்டம்பர் 17, ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போன இடம். ஐந்து நாளில் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தின் முதல்நிலை அறிவிப்பை வெளியிட்டார். பாடத்திட்டப்படி அந்தப் பகுதி பின்னால் வந்தாலும், குளிர் இறுகுமுன் நடந்து பார்த்துவிட வேண்டும். அனுமதிப் படிவத்தைத் தயவுசெய்து நேரத்துக்கு அனுப்புங்கள்.

தேர்வுக்குப் பதிவு

மே முதல் இரண்டு வாரத்துக்குள் தேர்வு. ஆனால் பதிவு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். அதற்குப் பின் பதிந்தால் கூடுதல் கட்டணம். கட்டணம் ஏறத்தாழ 100 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு, கவுன்சிலரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். 2025 முதல் தேர்வு முழுக்கக் கணினியில், புளூபுக் செயலியில். அதனால் பிப்ரவரியிலிருந்து வகுப்புக் கட்டுரைகளையும் தட்டச்சுக்கு மாற்றிவிடுவேன்.

பிள்ளைக்குப் பள்ளியில் 504 திட்டமோ ஐ.இ.பி.யோ (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி வகுக்கும் உதவித் திட்டங்கள்) இருந்து கூடுதல் நேரம் கிடைக்கிறது என்றால், அது மட்டும் இந்தத் தேர்வுக்குப் போதாது. ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு தனியாக அனுமதி தரவேண்டும். செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

மதிப்பெண் 1 முதல் 5. பல கல்லூரிகள் 4, 5-க்குப் பாட வரவு தரும், சில 3-க்கும். அந்தந்தக் கல்லூரிப் பக்கத்தில் பாருங்கள். தேர்வில் வாங்கும் எண் என் வகுப்பு மதிப்பெண்ணை மாற்றாது.

தனி டியூஷன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பணத்தைச் சேமியுங்கள் என்பதே. காலேஜ் போர்டு தளத்தில் முந்தைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகள், மதிப்பிடும் முறை, மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன. மார்ச்சிலிருந்து வாரம் ஒரு கேள்வி எடுத்து, கடிகாரம் வைத்து எழுதி, மாதிரி விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மூல ஆவணங்களுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் நேஷனல் ஆர்க்கைவ்ஸும் இருக்கின்றன. வாஷிங்டனில் அரசியலமைப்பின் அசல் தாளையே போய்ப் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. வாரத்துக்கு ஒரு முறை, சாப்பிடும்போதோ காரில் போகும்போதோ, "இந்த வாரம் எதைப் பற்றி வாதம் செய்தாய்?" என்று கேளுங்கள். தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று இன்னொரு முறை. உங்களுக்கு இந்த நாட்டு வரலாறு தெரியாது என்பது இங்கே நல்லது. தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் எந்த இடத்தில் சான்று இல்லை என்று பிள்ளைக்கே புரியும்.

மே மாதத்துக்குப் பிறகு

தேர்வு முடிந்ததும் பாடம் முடிவதில்லை. கடைசி வேலை, குடும்ப வாய்மொழி வரலாறு. வீட்டில் ஒருவரை நேர்காணல் செய்து, அவர் இந்த நாட்டுக்கு வந்த கதையை நாம் படித்த சட்டங்களோடு இணைத்து ஐந்து பக்கம் எழுதவேண்டும். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' ஆகமாட்டார், அதனால் குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் அந்தத் தடை நீங்கியபோதும், இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடுதான். 1965 அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் சுதந்திரச் சிலையின் காலடியில் கையெழுத்திட்ட சட்டம் நாடு வாரியான அந்தப் பழைய ஒதுக்கீட்டை ஒழித்தது. 1980 அகதிகள் சட்டம், ஹெச்-1பி வேலை விசாவை உருவாக்கிய 1990 சட்டம் எல்லாம் ஒன்பதாம் பகுதியில் ஓரிரு வரியாக வருபவை. உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அந்த வரிகளில் ஒன்றின் வழியாகத்தான் வந்திருப்பார். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் நேர்காணல்களை நான் தனி அக்கறையோடு வாசிப்பேன். சொல்ல விரும்பாததைச் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்றும் முன்பே எழுதித் தருவேன்.

நேர்காணல் தமிழில் நடக்கலாம். பதிவையும், முக்கியப் பகுதிகளின் ஆங்கில வடிவத்தையும் பிள்ளை தரவேண்டும். குறைந்தது ஒரு வீட்டு ஆவணம் சேர்க்கவேண்டும்: பழைய விமானச் சீட்டு, முதல் சம்பள ரசீது, ஊருக்கு எழுதிய கடிதம். ஏ-எண் (குடியேற்றத் துறை தரும் எண்), பாஸ்போர்ட் எண் போன்றவற்றை மறைத்துவிட்டு நகல் எடுங்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் கோடைக்கு வந்திருந்தால், ஜெட்லாக் தீர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் உட்காருங்கள். ஜூன் முதல் வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்த வேலைக்கு மட்டும் தாமதக் கழிவு கிடையாது, ஆனால் பாடநூலை அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.